கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை

“மனுசன் யோசிச்சு ஆடறானுங்க. மெஷினு அத்தனையும் கணக்குப் போட்டுப் பாத்துருது. அதுல என்ன பெருமை?”

2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற பிறகு செஸ் பேச்சு அடிபடாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. எங்கள் எருமப்பட்டி டீக்கடையும் அதற்கு விலக்கல்ல. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் மேலே சொன்ன இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்கள்: கம்ப்யூட்டரின் பலம் வேகம். அந்த வேகத்தால் நடக்கக்கூடிய எல்லா ஆட்டங்களையும் அது பார்த்துவிடுகிறது. மனிதனுக்கு அது முடியாததால் அவன் தேர்ந்தெடுக்கிறான். தேர்வுதான் அறிவு. மெஷினுக்குத் தேர்வு கிடையாது, ஆகவே அறிவும் கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வரியே பொய். அது விழுந்தால் மற்றவையும் விழுந்துவிடும்.

முதலில் கணக்கு. நடு ஆட்டத்தில் ஒருவருக்குச் சராசரியாக 35 நகர்வுகள் இருக்கும் என்று கொள்வோம். இருவரும் ஐந்து ஐந்து முறை, அதாவது மொத்தம் பத்து நகர்வு வரை எல்லா வழிகளையும் பார்க்க வேண்டுமானால் 35-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 27 கோடியே 58 லட்சம் கோடி நிலைகள். 1997 மே மாதம் நியூயார்க்கில் உலக சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்ற ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அந்த வேகத்திலேயே மேற்சொன்ன வேலையை முடிக்க ஏறத்தாழ 160 நாள் ஆகும். ஒரே ஒரு நகர்வை ஆடுவதற்கு! போட்டியில் அதற்குக் கிடைத்ததோ நகர்வுக்குச் சில நிமிடங்கள். ‘முரட்டுப் பலம்’ என்பதற்கே உதாரணமாகக் காட்டப்படும் அந்த இரண்டு அலமாரி எந்திரம்கூட எல்லாவற்றையும் பார்த்திருக்க வழியே இல்லை.

அப்படியானால் அது செய்தது என்ன? முதல் பதில் அல்ஃபா-பீட்டா. நம் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவுத் தாள் எழுதியவர்களுக்கு இது பழக்கமான கேள்வி. ஒரு மரத்தை வரைந்து, இலைகளில் எண்களைப் போட்டு, எந்தக் கிளைகளைக் கவாத்து செய்யலாம் என்று கேட்பார்கள். அதன் கரு மிக எளிது. ஒரு நகர்வை ஆராய்ந்து, ஆட்டம் சமநிலையிலாவது நிற்கும் என்று கண்டுவிட்டேன். அடுத்த நகர்வை எடுக்கிறேன். அதற்கு எதிராளியின் முதல் பதிலிலேயே என் ராணி சும்மா போய்விடுகிறது. எதிராளிக்கு இன்னும் 34 பதில்கள் இருக்கின்றன, அவற்றில் இதைவிட மோசமானதும் இருக்கலாம். எனக்கு அது எதற்கு? இந்த நகர்வு வேண்டாம் என்று தெரிந்துவிட்டது, எவ்வளவு வேண்டாம் என்று அளந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

டொனால்ட் க்னூத்தும் ரொனால்ட் மூரும் 1975-இல் இதன் கணக்கை முறையாக நிறுவினார்கள். நல்ல நகர்வுகள் முதலில் வரும்படி வரிசை அமைந்துவிட்டால், பத்து நகர்வு ஆழத்துக்குப் பார்க்க வேண்டியது 27 கோடியே 58 லட்சம் கோடி நிலைகள் அல்ல, சுமார் பத்தரைக் கோடி. டீப் ப்ளூவின் வேகத்தில் அரை நொடி வேலை. 160 நாளை அரை நொடியாக்கியது சிப்பின் வேகம் இல்லை, பார்க்காமல் விட்டதுதான். அதிலும் வரிசை உச்ச அளவுக்குச் சரியாக இருந்தால்தான் இந்த லாபம். எதை முதலில் பார்ப்பது என்று ஊகிக்கத் தெரியாத நிரலுக்கு அல்ஃபா-பீட்டா பாதி பலன்கூடத் தராது. தேர்வு என்பது இந்த முதல் படியிலேயே வந்துவிட்டது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். ‘அல்ஃபா-பீட்டா வெட்டுவது விடையை மாற்றாத கிளைகளை மட்டும்தான். முழுதும் பார்த்தால் என்ன விடையோ, அதே விடைதான் இதிலும். ஆகவே முழுதும் பார்த்ததாகவே கொள்ளலாம்.’ சரியான வாதம். ஆனால் இன்றைய செஸ் நிரல்கள் அங்கே நின்றுவிடவில்லை. விடையை மாற்றக்கூடிய கிளைகளையும் தெரிந்தே வெட்டுகின்றன. வகுப்பறைக் கேள்வி முடியும் இடத்தில்தான் உண்மைக் கதை தொடங்குகிறது.

வேகமே வெற்றி என்றால் வேகம் கூடிய எந்திரமே எப்போதும் வெல்ல வேண்டும். நடந்ததைப் பார்ப்போம். 1995-இல் ஹாங்காங்கில் நடந்த உலகக் கணினி செஸ் போட்டியில் டீப் ப்ளூவின் முன்மாதிரி கலந்துகொண்டது. செஸ்ஸுக்கென்றே வடித்த சிப்புகள் அதில் இருந்தன. அதை வீழ்த்திப் பட்டத்தையும் எடுத்துச் சென்றது ஃபிரான்ஸ் மார்ஷ் எழுதிய ஃபிரிட்ஸ். அது ஓடியது கடையில் வாங்கக்கூடிய ஒரு பென்டியம் கணினியில். ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், மேலே போவோம்.

1998-இல் இத்தாலியின் இஸ்கியா தீவில் நம் விஸ்வநாதன் ஆனந்த் ரெபல் 10 என்ற நிரலோடு எட்டு ஆட்டம் ஆடினார். ரெபல் ஓடியதும் வீட்டுக் கணினி வகைதான். மொத்தக் கணக்கில் ஐந்துக்கு மூன்று என்று ரெபல் வென்றது. நேரம் தாராளமாக இருந்த இரண்டு ஆட்டங்களில் மட்டும் ஆனந்த் ஒன்றரைக்கு அரை என்று முந்தினார். 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக்கை நான்குக்கு இரண்டு என்று வென்ற டீப் ஃபிரிட்ஸ் நொடிக்கு 80 லட்சம் நிலைகள் அளவில்தான் பார்த்தது. டீப் ப்ளூவின் வேகத்தில் இது இருபத்தைந்தில் ஒரு பங்கு. 2009-இல் புவெனஸ் ஐரிஸ் போட்டியில் ஒரு கைப்பேசியில் ஓடிய பாக்கெட் ஃபிரிட்ஸ் 4 பத்து ஆட்டங்களில் ஒன்பதரைப் புள்ளி எடுத்தது. அதன் வேகம் நொடிக்கு 20,000 நிலைகளுக்கும் குறைவு, அதாவது டீப் ப்ளூவின் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அங்கே எதிரில் காஸ்பரோவ் உட்கார்ந்திருக்கவில்லை என்பது உண்மை. இருந்தாலும் பத்துக்கு ஒன்பதரை என்பது வேகத்தால் விளக்கக்கூடிய எண் அல்ல.

இந்த முன்னேற்றம் முழுவதையும் கிளை வெட்டின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ஒரு நிலையைப் பார்த்ததும் யாருக்குச் சாதகம் என்று எடைபோடும் பகுதியும் இந்தக் காலத்தில் வெகுவாகத் தேறியது. ஆனால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும் கைப்பேசி ஆழமாகப் பார்க்க வேண்டுமானால், பெரும்பாலான கிளைகளைத் தொடாமல் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதைக் கேட்டதும் சிலர் எதிர்த்திசையில் ஓடுவார்கள். ‘ஓ, அப்படியானால் மெஷினும் நம்மைப் போலவே நல்ல நகர்வுகளை மட்டும் தேர்ந்து யோசிக்கிறது!’ இதுவும் தவறு, வரலாறு தெரியாததால் வரும் தவறு. மனிதனைப் போலத் தேர்ந்தெடுக்கும் நிரலைத்தான் முன்னோடிகள் பலர் முதலில் எழுத முயன்றார்கள். தோற்றது அந்த வழிதான்.

கிளாட் ஷானன் 1950-இல் எழுதிய கட்டுரையில் இரண்டு வகையைச் சொன்னார். குறிப்பிட்ட ஆழம் வரை எல்லா நகர்வையும் பார்ப்பது ஒரு வகை. உருப்படியாகத் தோன்றும் சிலவற்றை மட்டும் பார்ப்பது மற்றது. ஆலன் கோடக்கும் நண்பர்களும் எம்.ஐ.டி.யில் எழுதி, ஜான் மெக்கார்த்தி ஸ்டான்ஃபோர்டில் வளர்த்த நிரல் இரண்டாவது வகை. முதல் நகர்வில் நான்கு, அடுத்ததில் மூன்று, அடுத்ததில் இரண்டு என்று அது வேட்பாளர்களைக் குறுக்கிக்கொண்டே போகும். 1966-67இல் தந்தி வழியாக மாஸ்கோ நிரல் ஒன்றோடு அது நான்கு ஆட்டம் ஆடியது. மாஸ்கோ நிரல் முதல் வகை. இரண்டு ஆட்டங்களில் மூன்று நகர்வும், மற்ற இரண்டில் ஐந்து நகர்வும் ஆழம் பார்த்தது, ஆனால் எதையும் விடவில்லை. முடிவு மூன்றுக்கு ஒன்று என்று மாஸ்கோவுக்கு. ஐந்து நகர்வு பார்த்த இரண்டு ஆட்டங்களையும் அது வென்றது. மாஸ்கோ நிரலை எழுதிய குழுவில் இருந்த அதெல்சன்-வெல்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள்தான் நம் மாணவர்கள் இன்றும் படிக்கும் ‘ஏ.வி.எல். மரம்’ என்பதில் உள்ள ‘ஏ.வி.’

மூன்று முறை உலக சாம்பியனான போத்வின்னிக் பொறியாளரும்கூட. மாஸ்டர் ஒருவர் யோசிப்பது போலவே யோசிக்கும் ‘பயனியர்’ என்ற நிரலுக்காக அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அது முழு ஆட்டம் ஆடும் நிலைக்கே வரவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்லேட்டும் அட்கினும் தங்கள் தேர்ந்து பார்க்கும் நிரலைக் கைவிட்டு, 1973-இல் செஸ் 4.0-ஐ எல்லா நகர்வையும் பார்ப்பதாக மாற்றி எழுதினார்கள். அடுத்த சில ஆண்டுகள் அமெரிக்கப் போட்டிகளில் அதன் கொடிதான் பறந்தது.

தேர்வு ஏன் தோற்றது? அன்றைய நிரல்கள் ஒரு நகர்வின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதின. குதிரையைப் பலி கொடுக்கும் நகர்வு முதல் பார்வையில் அசட்டுத்தனமாகத் தெரியும். அதை மூன்று நகர்வு தள்ளிப் பார்த்தால்தான் ராஜா மாட்டிக்கொள்வது தெரியும். முகத்தைப் பார்த்து ஒதுக்கியவனுக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஒதுக்கியதை மீண்டும் எடுத்துப் பார்க்கும் வழியும் அந்த நிரல்களில் இல்லை. நூறு நகர்வில் தொண்ணூற்றொன்பதைச் சரியாக ஒதுக்கி, ஒன்றைத் தவறாக ஒதுக்கினாலும் ஆட்டம் போய்விடும்.

தொண்ணூறுகளுக்குப் பின் வென்ற முறைகள் இந்தப் பாடத்தைக் கற்றவை. அவையும் வெட்டின, முன்னோர்களைவிட அதிகமாகவே வெட்டின. ஆனால் வெட்டுவதற்கு முன் மலிவாக ஒரு சோதனை வைத்தன. அந்தச் சோதனையும் ஒரு சிறு தேடலாகவே இருந்தது. இந்த ஒரு வேறுபாடுதான் எல்லாம் என்பது என் கட்சி. முறைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டால் இது விளங்கும்.

நல்-மூவ் முறை துணிச்சலில் முதலாவது. என் நிலை நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். நான் ஆடாமல் என் முறையை விட்டுக்கொடுக்கிறேன், எதிராளி தொடர்ந்து இரண்டு முறை ஆடட்டும். அதற்குப் பிறகும் நிலை எனக்குத் தேவையான அளவுக்கு மேலேயே நிற்கிறது என்றால், ஒழுங்காக ஆடினால் இன்னும் மேலேதான் நிற்கும். எனவே இந்தக் கிளையை மேற்கொண்டு ஆராய வேண்டாம். இந்தச் சோதனையை இரண்டு மூன்று நகர்வு குறைந்த ஆழத்தில் செய்வதால் செலவு மிகக் குறைவு. கிறிஸ்டியன் டானிங்கரின் 1993 கட்டுரைக்குப் பிறகு இது வேகமாகப் பரவியது. ஃபிரிட்ஸின் ஆயுதமும் இதுதான். டீப் ப்ளூவில் இது கிடையாது.

இதன் ஓட்டை எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். ஆடித்தான் தீர வேண்டும் என்பதே தண்டனையாகும் நிலைகள் செஸ்ஸில் உண்டு. வெள்ளைச் சிப்பாய் இ4, கருப்புச் சிப்பாய் இ5, வெள்ளை ராஜா எஃப்5, கருப்பு ராஜா டி4 என்று வைத்துப் பாருங்கள். யார் முறையோ அவர் தோற்பார், ஏனென்றால் ராஜாவை நகர்த்தினால் தன் சிப்பாயைக் காக்க முடியாது. முறையை விட்டுக்கொடுக்க அனுமதி இருந்தால் கவலையே இல்லை என்று நல்-மூவ் இங்கே பொய் சொல்லும். ஆகவே ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கட்டத்திலும், ராஜாவுக்குச் செக் இருக்கும்போதும் அதை நிறுத்திவைக்கிறார்கள். சந்தேகமான இடத்தில் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கிறார்கள். தன் ஓட்டை எங்கே என்று தெரிந்த முறை, தெரியாத முறையைவிட நூறு மடங்கு மேல்.

ஃப்யூட்டிலிட்டி வெட்டு அவ்வளவு துணிச்சல்காரன் இல்லை. தேடல் முடியப்போகும் கடைசிப் படிகளில் மட்டும் வேலை செய்யும். ஒரு யானை அளவுக்குப் பின்தங்கி இருக்கிறோம், மீதம் ஒரே நகர்வு, அதுவும் எதையும் வெட்டாத அமைதியான நகர்வு என்றால் அதைப் பார்ப்பதில் பயனில்லை என்று விட்டுவிடும். தவறினாலும் சேதம் அந்த நுனியோடு நிற்கும், லாபமும் அந்த அளவுக்குத்தான். மைக்கேல் பூரோ 1995-இல் ஒதெல்லோ ஆட்டத்துக்காக முன்வைத்த ப்ராப்கட் இன்னொரு வகை. மேலோட்டமான தேடலின் முடிவும் ஆழமான தேடலின் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று புள்ளியியலால் அளந்து, போதிய உறுதி இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும். அவருடைய லாஜிஸ்டெல்லோ நிரல் 1997-இல் உலக சாம்பியன் முராகாமியை ஆறு ஆட்டத்திலும் வென்றது.

இவை எல்லாவற்றிலும் நான் முதலிடம் கொடுப்பது பிந்திய நகர்வுகளை ஆழம் குறைத்துப் பார்க்கும் முறைக்கு. நிரலாளர்கள் எல்.எம்.ஆர். என்பார்கள். வரிசையில் முதலில் வரும் சில நகர்வுகளுக்கு முழு ஆழம். பின்னால் வருபவற்றைத் தூக்கி எறிவதில்லை, குறைந்த ஆழத்தில் ஒரு நோட்டம் விடுகிறது. அதில் ஏதாவது எதிர்பாராமல் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டால், உடனே அதை முழு ஆழத்தில் மறுபடி பார்க்கிறது. கோடக்கின் நிரலிலும் பயனியரிலும் இல்லாமல் போன மேல்முறையீடு இதுதான். இந்தச் சுற்றில் ஒதுக்கப்பட்ட நகர்வு அடுத்த சுற்றுத் தேடலில் முன்வரிசைக்கு வரலாம். தவறு நடக்கும், ஆனால் ஆழம் கூடக் கூடத் தவறு தானாகத் திருந்தும். 2005-இல் ஃபேபியன் லெட்டுசே வெளிப்படையாகத் தந்த ஃப்ரூட் நிரலின் வழியாக இந்த வகை உத்திகள் பரவலாயின. முன்வரிசைச் செஸ் நிரலான ஸ்டாக்ஃபிஷ் இன்று அடையும் ஆழத்துக்கு இதுவே பெரிய காரணம். 35 கிளை விரியும் மரத்தில், ஒவ்வொரு நகர்வு ஆழம் கூடும்போதும் வேலை இன்று ஏறக்குறைய இரண்டு மடங்குதான் ஆகிறது.

‘அப்படியானால் எல்லாம் ஊகம்தானே? நிரூபணம் உள்ளது அல்ஃபா-பீட்டா ஒன்றுதான், மற்றவை குத்துமதிப்பு’ என்று கணக்கு வாத்தியார்கள் முகம் சுளிப்பார்கள். குத்துமதிப்புதான். ஆனால் அதற்கும் நீதிமன்றம் உண்டு. ஸ்டாக்ஃபிஷ் குழு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. ஒருவர் ஒரு வெட்டு விதியை மாற்றினால் பழைய நிரலும் புதிய நிரலும் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் பல்லாயிரக்கணக்கில் ஆட்டங்கள் மோதும். முடிவு புள்ளியியல் வரம்பைத் தாண்டினால்தான் மாற்றம் உள்ளே வரும். எவ்வளவு அழகான காரணம் சொன்னாலும் தோற்றால் வெளியே. நம் ஊரில் எத்தனை முடிவுகள் இப்படிச் சோதித்து எடுக்கப்படுகின்றன என்று கேட்டால் சங்கடப்படுவோம்.

இன்னொரு எதிர்வாதம், நரம்பு வலையைக் கொண்டு ஆடும் ஆல்ஃபாஸீரோ என்ற நிரல். 2018-இல் வெளியான கணக்கின்படி அது நொடிக்கு 60,000 நிலைகளைத்தான் பார்த்தது, எதிரில் இருந்த ஸ்டாக்ஃபிஷ் 6 கோடி. ஆயிரம் ஆட்டங்களில் ஆல்ஃபாஸீரோ 155 வென்று ஆறில் தோற்றது. உடனே ‘கிளை வெட்டும் காலம் முடிந்தது, இனி நரம்பு வலைதான்’ என்று எழுதினார்கள். ஆல்ஃபாஸீரோ அல்ஃபா-பீட்டாவைப் பயன்படுத்தவில்லை என்பது சரி. ஆனால் எந்த நகர்வுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று அதன் வலை முதலில் ஊகிக்கிறது, தேடிப் பார்த்த முடிவைக் கொண்டு அந்த ஒதுக்கீட்டைத் திருத்திக்கொண்டே போகிறது. புறக்கணித்த நகர்வுக்கும் பிறகு ஒரு முறை வாய்ப்பு வரும். எல்.எம்.ஆர். செய்யும் அதே காரியம்தான், வேறு உடையில். ஒவ்வொரு நிலையையும் எடைபோட அதற்குக் கனத்த எந்திரம் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முடிந்துபோனதாகச் சொன்ன அல்ஃபா-பீட்டாவும் முடியவில்லை. ஜப்பானின் யூ நாசு ஷோகி ஆட்டத்துக்காக 2018-இல் வடிவமைத்த சிறிய நரம்பு வலையை 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் தன் எடைபோடும் இடத்தில் பொருத்திக்கொண்டது. தேடலும் வெட்டும் பழையபடியே இருந்தன. அது இன்றும் முன்வரிசையில் நிற்கிறது.

கடைசியாக, குகேஷைச் சாட்சிக்கு இழுப்பவர்கள். அப்போது அவருடைய பயிற்சியாளராக இருந்த விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அவரை எஞ்சின் எனப்படும் செஸ் நிரல்களின் பக்கம் அதிகம் விடவில்லை என்பது பலமுறை வெளிவந்த செய்தி. ‘பார்த்தீர்களா, மெஷினில் அறிவு இல்லை என்று அவர்களுக்கே தெரியும்’ என்கிறார்கள். அந்தச் செய்தி ஒரு சிறுவன் எப்படிக் கற்க வேண்டும் என்பதைப் பற்றியது. எஞ்சினைத் திறந்தால் பையனுக்குக் கிடைப்பது விடையும் ஒரு தசம எண்ணும். லட்சக்கணக்கான கிளைகள் ஏன் ஒதுக்கப்பட்டன என்ற காரணம் திரையில் வராது. ஒதுக்கக் கற்பதுதான் செஸ் பயிற்சி என்பதால், ஒதுக்கியதைக் காட்டாத ஆசிரியரைத் தள்ளிவைத்தது புத்திசாலித்தனம். அந்த முடிவு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது.

இதெல்லாம் எருமப்பட்டிக்கு எதற்கு? வேகமே எல்லாம் என்று நம்புகிறவன் அடுத்ததாகச் சொல்வது, ‘நம்மகிட்ட அவ்வளவு பெரிய மெஷின் ஏது?’ என்பதுதான். செயற்கை நுண்ணறிவைப் பற்றி நம் கல்லூரிகளில் இன்று ஓடும் பேச்சு முழுக்க இந்தப் புலம்பல்தான். பெரிய கம்பெனி, பெரிய எந்திரம், பெரிய மின்சாரக் கட்டணம், நமக்கு இடமில்லை. செஸ் நிரல்களின் வரலாறு இதற்கு நேர்மாறாகச் சாட்சி சொல்கிறது. ஐ.பி.எம்.மின் சிப்பை மிஞ்சிய யோசனைகள் பெரும்பாலும் ஓரிருவர் சாதாரணக் கணினியில் எழுதியவை. அவற்றில் பலவற்றின் மூல நிரல் இன்று எவருக்கும் இலவசம்.

என் வாதத்தை நம்ப வேண்டாம், சோதியுங்கள். ஸ்டாக்ஃபிஷின் மூல நிரலை இறக்கி, நல்-மூவ் பகுதியை நீக்கி ஒரு பிரதி எடுங்கள். பிந்திய நகர்வுக் குறைப்பை நீக்கி இன்னொன்று. இரண்டையும் நீக்கி மூன்றாவது. மூலத்தோடு சேர்த்து நான்கையும் ஒரே கணினியில், ஒரே நேர அளவில் சில ஆயிரம் ஆட்டங்கள் மோதவிடுங்கள். மூன்றாவது பிரதிதான் டீக்கடை வாதத்துக்கு மற்றவற்றைவிட நெருக்கமானது, ஏனென்றால் அதுதான் குறைவாக வெட்டி நிறையப் பார்க்கிறது. அது வென்றால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடலாம். தோற்றால், எந்தப் பிரதி எவ்வளவு புள்ளியில் தோற்றது என்ற பட்டியலே இதைச் செய்யும் மாணவனின் இறுதியாண்டு ப்ராஜெக்ட்.